கொலுப்படி, பெஞ்ச் வரைய ஆட்டோகேடுக்குப் பதில் என்ன?

பழைய டிராஃப்ட்ஸ்மேன், முகப்பேர்

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மினி டிராஃப்டர், ரோட்ரிங் பேனா, டிரேசிங் பேப்பர் என்று ஆரம்பித்தேன். அம்மோனியா பிரிண்ட் வாடையிலேயே பாதி சர்வீஸ் போனது. 90களின் கடைசியில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்தது, அப்புறம் கடைசி நாள் வரை அதுதான். 2டி மட்டும். 3டி கற்றுக்கொள்ளச் சொல்லி இரண்டு மேனேஜர்கள் முயன்றார்கள், நான் பிடிகொடுக்கவில்லை.

இப்போது பால்கனியில் ஒரு சின்ன மேஜை போட்டு மரவேலை செய்கிறேன். அடுத்ததாக மூன்று வேலைகள் வரிசையில் நிற்கின்றன. முதலாவது மடக்கி வைக்கக்கூடிய 5 படி கொலுப்படி. இத்தனை வருடமாகப் பரணில் இருக்கும் இரும்புப் படியை இறக்கித் தந்துவிட்டு முதுகு பிடித்துக்கொள்வது என் வேலையாக இருக்கிறது. அதனால் வீட்டில் கட்டளை வந்துவிட்டது: புதுப்படி கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். இரண்டாவது, இடித்த வீட்டிலிருந்து வாங்கி வைத்திருக்கும் பழைய தேக்கு நிலைச் சட்டத்தில் வளைந்த கால் வைத்த ஒரு பெஞ்ச். மூன்றாவது ஊஞ்சல் பலகை. அதை இன்னும் யோசிக்கவே இல்லை.

சிக்கல் மென்பொருளில். ஆட்டோகேட் உரிமம் ஆபீசோடு போய்விட்டது. 2016லிருந்து ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமமே கிடையாது, சந்தாதான். அந்தச் சந்தாவை என் இ.பி.எஸ். பென்ஷன் தாங்காது. கொலுப்படிக்கு ஆகும் பிளைவுட்டை விட அதை வரைகிற மென்பொருளுக்கு அதிகம் செலவழித்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த கடைக்காரர் ஒருவர் "கிராக் போட்டுத் தரேன் சார், முந்நூறு ரூபாய்" என்றார். அதே லேப்டாப்பில்தான் பேங்க் கணக்கும் பார்க்கிறேன். வேண்டாம் என்றுவிட்டேன்.

லேப்டாப், பையன் விட்டுப்போனது. ஐ3, 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. பென் டிரைவில் பழைய டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வடிவ) கோப்புகள் நிறைய இருக்கின்றன, எல்லாம் வீட்டுக்காக நானே வரைந்தவை. அவை திறக்க வேண்டும். பிளைவுட்டைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்வதால் வெட்டுப் பட்டியல் வேண்டும். பெஞ்ச் காலுக்கு அசல் அளவில் பிரிண்ட் எடுத்து மரத்தில் ஒட்ட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை. யாராவது மாறிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

வீக்கெண்ட் கார்பென்டர், வேளச்சேரி

சார், ஸ்கெட்ச்அப் போங்க, யோசிக்கவே வேண்டாம். நான் ஐ.டி.யில் இருக்கிறேன், டிராயிங் எல்லாம் படித்ததே இல்லை, ஒரு சனிக்கிழமையில் டிவி யூனிட் வரைந்துவிட்டேன். ஒரு செவ்வகம் போட்டு இழுத்தால் பலகை ஆகிவிடும். பிரவுசரில் ஓடும் இலவசப் பதிப்பு போதும். கணினியில் நிறுவும் இலவசப் பதிப்பு 'ஸ்கெட்ச்அப் மேக் 2017' என்பதோடு நின்றுவிட்டது. படத்தைத் திருப்பித் திருப்பி வீட்டம்மாவிடம் காட்டலாம், அதிலேயே பாதி பிரச்சினை தீரும்.

மொட்டைமாடிப் பட்டறை, பெரம்பூர்

தம்பி சொன்னது அவருக்குச் சரி. டிராயிங் படிக்காதவர்களுக்கு ஸ்கெட்ச்அப் நல்ல வழி. ஆனால் பிரவுசர் பதிப்பில் டிடபிள்யூஜி உள்ளே வராது, கூடுதல் செருகுநிரல்களும் சேர்க்க முடியாது. வெட்டுப் பட்டியல் போட்டுத் தரும் ஓபன்கட்லிஸ்ட் என்ற அருமையான செருகுநிரல் இருக்கிறது, அதற்கும் கணினியில் நிறுவிய ஸ்கெட்ச்அப் வேண்டும். அப்புறம் நெட் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. முகப்பேரில் மழைக்காலத்தில் கரண்டே இருக்காது, நெட்டுக்கு எங்கே போவது.

சார், நீங்களும் நானும் ஒரே ரகம். நானும் போர்டில் வரைந்து வந்தவன்தான். என் கருத்து இதுதான்: எந்த மென்பொருள் என்று தேடுவதற்கு முன்னால், கடைசியில் உங்கள் கையிலிருந்து எந்தக் காகிதம் வெளியே போகிறது என்று பாருங்கள். உங்களுக்கு இரண்டே காகிதம்தான். பிளைவுட் கடையில் ரம்பம் ஓட்டுகிறவருக்கு ஒரு வெட்டுப் படம், பெஞ்ச் காலுக்கு அசல் அளவு டெம்ப்ளேட் ஒன்று. இரண்டுமே 2டி. இதற்காக இந்த வயதில் கையை மாற்றிப் பழக்க வேண்டிய அவசியமே இல்லை.

2டி வரைய லிப்ரேகேட் என்ற மென்பொருளைப் போடுங்கள். முழுக்க இலவசம், சந்தா இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்காது, உங்கள் லேப்டாப்பில் பாதி பலம் இருந்தாலே ஓடும். லேயர், பிளாக், ஸ்னாப், டிரிம், ஆஃப்செட் எல்லாம் உண்டு. கமாண்ட் லைனில் @600,0 என்றோ @100<45 என்றோ அடித்தால் கோடு போகும், உங்கள் விரல்களுக்கு அது போதும். கமாண்ட் பெயர்கள் சில மாறும், அது ஒரு வாரத்து எரிச்சல். இல்லாதது பேப்பர் ஸ்பேஸ். ஒரே தாளில் மூன்று ஸ்கேலில் வியூ வைத்துப் பழகியவருக்கு அது கொஞ்சம் கை ஒடிந்த மாதிரி இருக்கும். வீட்டு மரவேலைக்கு நான் அதைத் தேடியதில்லை.

டிடபிள்யூஜி திறக்கும் என்று லிப்ரேகேடில் போட்டிருக்கும், அதை நம்பி உட்காராதீர்கள், அரைகுறையாகத்தான் வரும். ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. பழைய கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டி, வேறொரு ஃபோல்டரில் டிஎக்ஸ்எஃப் (லிப்ரேகேட் படிக்கும் வடிவம்) ஆக எழுதச் சொன்னால் மொத்தமாக மாற்றித் தந்துவிடும். மூலக் கோப்புகளைப் பென் டிரைவிலேயே தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றுகிற வேலையே வேண்டாம் என்றால் கியூகேட் புரொஃபஷனல் இருக்கிறது. லிப்ரேகேடும் கியூகேடும் ஒரே வேரில் கிளைத்தவை. புரொஃபஷனல் நேரடியாக டிடபிள்யூஜி படிக்கும், எழுதும். ஒரு தடவை காசு கட்டினால் போதும், மாதாமாதம் கிடையாது. முதலில் இறங்குவது சோதனைப் பதிப்பு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடிக்கொள்ளும், பயப்படாதீர்கள். அந்தச் சோதனைப் பகுதியை நீக்கிவிட்டால் இலவசப் பதிப்பாக நிற்காமல் ஓடும், ஆனால் டிடபிள்யூஜி திறப்பது போய்விடும்.

இலவசம் என்று வருகிற எல்லாவற்றையும் நம்பாதீர்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. டிராஃப்ட்சைட் என்ற இன்னொரு வரைபட மென்பொருள் பல வருடம் இலவசமாக இருந்தது. 2019 முடிந்ததோடு இலவசப் பதிப்பு வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. லிப்ரேகேட் மூல நிரல் திறந்து கிடக்கிறது, அதை யாரும் அப்படிப் பூட்ட முடியாது.

இப்போது கொலுப்படிக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பிளைவுட் 8க்கு 4, அதாவது 2440க்கு 1220 மில்லிமீட்டர். படி அகலம் 225, உயரம் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 அடிப் பக்கமாகவே குறுக்கே வெட்டினால் சுலபம் என்று தோன்றும். வெட்டாதீர்கள். பிளைவுட்டின் மேல்பரப்பு நார் 8 அடிப் பக்கமாக ஓடுகிறது. குறுக்கே வெட்டினால் நார் படியின் குட்டைப் பக்கமாகப் போய்விடும், நடுவில் மரப்பாச்சியும் பெரிய தசாவதார செட்டும் வைத்தால் பலகை தொய்யும். நீளவாக்கில் 225 மில்லியில் 5 பட்டை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டுங்கள். அப்போதும் 10 துண்டு கிடைக்கும். ஐந்து படிக்கு, ஐந்து பின்சட்டத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் 3 மில்லி தின்னும், அதனால் படி நீளம் 1220 இல்லை, 1218தான் கிடைக்கும். படத்தில் 1220 என்று போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

பக்கப் பலகை இரண்டுக்கும் இன்னொரு ஷீட். அந்தப் படிக்கட்டு வடிவத்தை இரண்டு தனி முக்கோணமாக நினைக்க வேண்டாம். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்தால், 6 படி அகலமும் 5 படி உயரமும் உள்ள ஒரு செவ்வகத்தில் இரண்டும் அச்சாகப் பொருந்தும். 1350க்கு 1000. கடையில் அந்தச் செவ்வகத்தை மட்டும் வெட்டி வாங்கி, படிக்கட்டுக் கோட்டை வீட்டில் ஜிக்சாவில் அறுத்துக்கொள்ளுங்கள். லிப்ரேகேடில் காப்பி எடுத்து 180 டிகிரி திருப்பிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

ஆசாரி யாரையாவது துணைக்குக் கூப்பிட்டால் அவர் மில்லிமீட்டர் கேட்க மாட்டார், அங்குலமும் நூலும்தான். அங்குலத்தில் வரைந்து, டிராயிங் ப்ரிஃபரன்ஸில் அளவு வடிவத்தைப் பின்னமாகவும் துல்லியத்தை 1/8 ஆகவும் வைத்தால், அளவுக் கோட்டில் 8 7/8 என்று விழும். எட்டு அங்குலம் ஏழு நூல், அப்படியே படித்துக்கொள்வார். ஒரு நூல் 3.175 மில்லி, ரம்பம் தின்பதும் கிட்டத்தட்ட அதே அளவு.

பிரிண்ட் விஷயம். பிடிஎஃப் எடுத்து ஜெராக்ஸ் கடைக்குப் போனால் அந்தப் பையன் "ஃபிட்" என்பதை அழுத்திவிடுவான், படத்தில் பெஞ்சின் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிவிடும். "ஆக்சுவல் சைஸ்" என்று நின்று பார்த்து அழுத்தச் சொல்லுங்கள். தாளில் நீளவாக்கில் ஒரு 100 மில்லி கோடு, அகலவாக்கில் ஒரு 100 மில்லி கோடு போட்டு வையுங்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டையும் கடையிலேயே அளந்து பாருங்கள், சில மெஷின் ஒரு பக்கம் மட்டும் பொய் சொல்லும். ஏ3 தாள் 420 மில்லிதான். பெஞ்ச் கால் 17 அங்குலம் என்றால் 432 ஆகிவிடும், இரண்டு தாள் ஒட்ட வேண்டி வரும். ஒட்டும் இடத்தில் ஒரு கூட்டல் குறி வரைந்து வைத்தால் சேர்ப்பது சுலபம்.

பாலிடெக்னிக் டீச்சர் (ஓய்வு), நங்கநல்லூர்

பட்டறைக்காரர் வெட்டுவது பற்றிச் சொன்னதெல்லாம் நூற்றுக்கு நூறு சரி. மென்பொருள் பற்றிச் சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

சார், நீங்கள் செய்யப் போவது மடக்குகிற பொருள். பின்சட்டத்தில் இரண்டு பக்கப் பலகையையும் கீல் போட்டு, கதவு மாதிரி உள்ளே மடக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கப் பலகையின் ஆழம் 1125. பின்சட்டத்தின் அகலம் எப்படியும் 1200க்குள். இரண்டும் உள்ளே மடங்கினால் ஒன்றன் மேல் ஒன்று படுத்தே தீர வேண்டும். அப்படியானால் ஒரு பக்கத்துக் கீல் மட்டும் 20 மில்லி முன்னால் தள்ளி, ஒரு கட்டை வைத்து அதன் மேல் உட்கார வேண்டும். தள்ளி வைத்தால் என்ன ஆகும்? விரித்து நிறுத்தும்போது அந்தப் பக்கத்துப் படிகள் எல்லாம் 20 மில்லி முன்னால் வந்து நிற்கும், மேலே வைக்கிற பலகை கோணலாகும். அதனால் அந்தப் பலகையின் பின் விளிம்பில் அதே 20 மில்லியைக் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நினைத்து வெட்டிவிட்டால் போச்சு. 3டியில் மடக்கிப் பார்த்தால் இது கண்ணில் அடிக்கும்.

இன்னொன்று, 18 மில்லி பிளைவுட் என்று வாங்குவது வெர்னியர் வைத்தால் 17.2, 17.5 என்றுதான் இருக்கும். மைக்கா ஒட்டினால் பக்கத்துக்கு ஒரு மில்லி ஏறும். பொருளை வாங்கிய பிறகுதான் உண்மையான தடிமன் தெரியும். லிப்ரேகேடில் அப்போது ஒவ்வொரு இடமாகப் போய்த் திருத்த வேண்டும். ஃப்ரீகேட் என்ற 3டி மென்பொருளில் ஒரு ஸ்பிரெட்ஷீட் உண்டு. தடிமன் என்று ஒரு கட்டத்துக்குப் பெயர் வைத்து, எல்லா அளவையும் அதோடு கட்டிவிட்டால், 18 ஐ 17.3 ஆக்கினதும் மொத்தப் படமும் தானாகச் சரிசெய்துகொள்ளும். இதுவும் முழு இலவசம்தான், 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. முன்பு நடுவில் ஒரு இடத்தைத் திருத்தினால் பின்னால் கட்டியதெல்லாம் உடையும் தொல்லை ஒன்று இருந்தது, அது இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது. உங்கள் ஐ3இல் இந்த அளவு வேலைக்கு ஓடும்.

டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு இதில் எரிச்சல் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதல் கோட்டிலேயே சரியான அளவு போட்டுப் பழகியவர்கள். இங்கே முதலில் கோணல்மாணலாக வரைய வேண்டும், பிறகு இது அதற்குச் செங்குத்து, இது 225 என்று ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும். எல்லாம் கட்டியானதும் கோடுகள் பச்சையாகிவிடும். அந்தப் பச்சை வரும் வரை மனசு ஆறாது. டெக்டிரா என்ற பகுதியில் படத்தாள் எடுக்கலாம், நாம் பழகிய ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷனை அதில் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்யூஷன், ஆன்ஷேப் என்று வேறு 3டி மென்பொருள்களையும் யாராவது சொல்வார்கள். ஃப்யூஷன் இலவசப் பதிப்பில் ஒரே நேரத்தில் 10 கோப்பைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம். ஆன்ஷேப் இலவசத்தில் உங்கள் படம் ஊர் உலகத்துக்கே திறந்திருக்கும். கொலுப்படியை யார் திருடப் போகிறார்கள் என்றால் அதுவும் சரிதான்.

மொட்டைமாடிப் பட்டறை, பெரம்பூர்

மேடம், கீல் விஷயம் நல்ல பாயின்ட். ஆனால் அதற்கு 3டி எதற்கு? மேலிருந்து பார்க்கிற பிளான் ஒன்று போட்டு, கீல் மையத்தை வைத்து 90 டிகிரி சுழற்றினால் 2டியிலேயே தெரிந்துவிடும். நாம் ப்ரெஸ் டூல் எல்லாம் அப்படித்தானே வரைந்தோம்.

பாலிடெக்னிக் டீச்சர் (ஓய்வு), நங்கநல்லூர்

தெரியும் சார், சுழற்ற வேண்டும் என்று தோன்றினால்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன், முகப்பேர்

எல்லோருக்கும் நன்றி. கீல் தள்ளி உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, பின் விளிம்பைக் குறைக்க வேண்டும் என்பது தோன்றவில்லை. மேடத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

லிப்ரேகேட் போட்டுவிட்டேன். கன்வர்ட்டரில் பழைய கோப்புகளை மாற்றினேன், பெரும்பாலானவை சுத்தமாக வந்துவிட்டன. சிலதில் எழுத்து வடிவம் மட்டும் மாறி, அளவு எண்கள் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. திருத்திக்கொள்வேன். 2004இல் வரைந்த பூஜை அலமாரி திறந்ததும் வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "இதை இன்னும் செய்யவில்லை" என்று மட்டும் பதில் வந்தது.

கொலுப்படியை லிப்ரேகேடிலேயே முடிக்கிறேன். நவராத்திரிக்குள் ஆக வேண்டும், புதுசு பழகிக்கொண்டிருக்க நேரமில்லை. ஃப்ரீகேடை ஊஞ்சலுக்கு வைத்துக்கொள்கிறேன், அதற்கு அவசரமில்லை. ஸ்கெட்ச்அப் தம்பிக்கும் நன்றி. பேரனுக்குக் காட்டினேன், ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒரு சந்தேகம். பக்கப் பலகை ஒன்று ஏழெட்டு கிலோ வரும் போலிருக்கிறது. பியானோ கீல் (விளிம்பு நெடுக ஓடும் ஒரே நீளக் கீல்) தாங்குமா? திருகு பிளைவுட் விளிம்பில் போகிறதே.

மொட்டைமாடிப் பட்டறை, பெரம்பூர்

கீல் தாங்கும், விளிம்புதான் தாங்காது. பிளைவுட் விளிம்பில் அடுக்குகளுக்கு நடுவே திருகு போனால் ஒன்றிரண்டு வருடத்தில் பிளந்துகொள்ளும். உங்களிடம்தான் பழைய தேக்கு இருக்கிறதே. அதில் பலகையின் தடிமனுக்கு, ஒரு அங்குல அகலத்தில் பட்டை எடுத்துப் பின் விளிம்பில் பசை போட்டு ஒட்டுங்கள், ஒரு ராத்திரி கிளாம்பில் விடுங்கள். திருகு அந்தத் தேக்கில் இறங்கட்டும். முதலில் சின்ன டிரில்லில் துளை போட்டுவிட்டுத் திருகுங்கள், தேக்கும் பிளக்கும். பட்டை ஒட்டினால் பலகையின் ஆழம் ஒரு அங்குலம் கூடும் இல்லையா, அதை இரண்டு பக்கப் படத்திலும் முதலிலேயே கழித்துவிடுங்கள். மேடம் சொன்ன 20 மில்லி அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும், இதற்கு மேலே.

கீல் பாரிமுனையில் வாங்கினால் முழு நீளத்தில் கிடைக்கும், வெட்டிக்கொள்ளலாம். வாங்கின பிறகு தடிமனை அளந்து கட்டைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள்.